இளைப்பாற இடம் தராத 42 நிமிடங்கள்

2016 ஏப்ரல் 29 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த கிங் கிஸார்ட் அண்ட் த லிசர்ட் விசர்ட் என்ற ராக் குழு ‘நானகன் இன்ஃபினிட்டி’ ஆல்பத்தை வெளியிட்டது. ஒன்பது பாடல்கள், சுமார் 42 நிமிடங்கள். ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடைவெளியே கிடையாது. ஒன்பதாவது பாடலின் கடைசி ஒலி நேராக முதல் பாடலின் தொடக்கத்தோடு போய்ப் பொருந்திக்கொள்கிறது. ரிப்பீட் பட்டனை அழுத்திவிட்டால் இந்த ஆல்பத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை. வேகமான தாளம், கரகரப்பான கிதார், நடுநடுவே ஊதித் தள்ளும் ஹார்மோனிகா, கூவல்கள் என்று சைக்கடெலிக் ராக் வகையின் முரட்டு முகம் அத்தனையும் இதில் இருக்கிறது.

வெளிவந்த நாளிலிருந்து இதற்குக் கிடைத்துவரும் வரவேற்பு ஒரே குரலில் இல்லை. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். அந்த ஆண்டின் ஏரியா என்ற ஆஸ்திரேலிய இசைத்துறை விருதுகளில் சிறந்த ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் ஆல்பத்துக்கான விருதும் கிடைத்தது. கேட்பவர்களோ இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அந்தப் பத்தாண்டுகளில் வந்த ராக் ஆல்பங்களில் இவ்வளவு உயிர்த்துடிப்புள்ளது வேறில்லை என்கிறது ஒரு தரப்பு. மூன்றாவது பாடலிலேயே தலை கனக்கிறது, ஒன்பது பாடலும் ஒரே பாடலாகத்தான் காதில் விழுகிறது, கூச்சலைத் தவிர உள்ளே எதுவுமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. நடுவில் நிற்பவர்களும் உண்டு. தனித்தனிப் பாடலாகக் கேட்டால் பிடிக்கிறது, முழுசாகக் கேட்க முடியவில்லை என்பது அவர்கள் கட்சி.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் எதையும் விளக்குவதில்லை. கூர்ந்து பார்த்தால், மூன்று தரப்பும் எதிர்வினை ஆற்றுவது ஒரே விஷயத்துக்குத்தான். கேட்பவருக்கு இளைப்பாற இடம் கொடுப்பதில்லை என்று அந்தக் குழு எடுத்த முடிவுதான் அது. பரவசம் என்பவரும் களைப்பு என்பவரும் ஒரே குணத்தின் இரண்டு விளைவுகளைச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. களைப்பாக இருக்கிறது, ஆகவே சரக்கில்லை என்று தாவும்போதுதான் பிழை நேர்கிறது. எனக்குச் சிலிர்க்கிறது, ஆகவே பிடிக்காதவருக்கு ராக் தெரியாது என்று தாவுவதும் அதே அளவு பிழை. அந்த ஓயாமை கேட்பவருக்கு என்ன சம்பாதித்துத் தருகிறது என்று பார்த்துத்தான் ஆல்பத்தை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டால் ‘நானகன் இன்ஃபினிட்டி’ தேறுகிறது என்பதே என் வாதம்.

எதிர்பார்ப்பின் பங்கு

முதலில், கேட்பவர்கள் எந்த எதிர்பார்ப்போடு வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சைக்கடெலிக் ராக் பிறந்த 1960-களிலிருந்தே அதில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று மிதப்பது: நீண்ட எதிரொலி, மெல்லக் கரையும் குரல், கண்ணை மூடிக் கேட்கும் இசை. மற்றொன்று மோதுவது: 1968-ல் சான் பிரான்சிஸ்கோவின் ப்ளூ சியர், 1969-ல் டெட்ராய்ட்டின் எம்சி5, 1973-ல் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ என்ற இரட்டை ஆல்பத்தில் மேடை நிகழ்ச்சிகளைப் பதிவாக்கிய இங்கிலாந்தின் ஹாக்விண்ட். பொதுமக்கள் நினைவில் ஆழமாகப் பதிந்தது முதல் ஓட்டம்தான். அதிலும் 2016-ல் ஆஸ்திரேலிய சைக்கடெலிக் இசை என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வந்தது பெர்த் நகரத்தின் டேம் இம்பாலா. அதன் ‘கரன்ட்ஸ்’ ஆல்பம் 2015-ல் வெளிவந்து, வழவழப்பான சிந்தசைசர் ஒலிகளால் பெரும் கூட்டத்தைச் சேர்த்திருந்தது. அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்களுக்கு ‘நானகன் இன்ஃபினிட்டி’ முதல் நொடியிலேயே முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும்.

குழுவின் சொந்த ரசிகர்களுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. 2010-ல் தொடங்கிய இந்தக் குழு ஒரே பாணியில் தங்கியதே இல்லை. 2014-ல் வந்த ‘ஐ’ம் இன் யுவர் மைண்ட் ஃபஸ்’ ஆல்பத்தின் முதல் நான்கு பாடல்கள் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக ஓடின. ‘நானகன் இன்ஃபினிட்டி’யின் விதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அடுத்து, 2015-ல் வந்தது ‘குவார்ட்டர்ஸ்’. அதில் நான்கே பாடல்கள், ஒவ்வொன்றும் சரியாக 10 நிமிடம் 10 நொடி, சாவகாசமான ஜாஸ் சாயலும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘பேப்பர் மாஷே ட்ரீம் பலூன்’ முழுக்க மின்சாரமில்லாத கிதார், புல்லாங்குழல் போன்றவற்றால் ஆன இதமான ஆல்பம். அது வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் ‘நானகன் இன்ஃபினிட்டி’ வருகிறது. இதத்தை விரும்பி வந்தவர் ஏமாந்ததில் வியப்பில்லை. அந்த ஏமாற்றம் நியாயமானதும்கூட. ஆனால் அது, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தை அளக்கும் கோல். கிடைத்ததன் தரத்தை அளக்க வேறு கோல் வேண்டும்.

காதுக்குள் நடப்பது

களைப்பு என்ற புகாரை மனச்சாய்வு என்று தள்ளிவிடவும் கூடாது. அதற்கு ஒலியியல் காரணம் இருக்கிறது. இந்த ஆல்பத்தின் கிதார்களில் பெரும்பகுதி ஃபஸ் என்ற கருவியின் வழியாக வருகிறது. கிதார் தரும் மின்னலையின் உச்சிகளை அது வெட்டித் தட்டையாக்குகிறது. உச்சி வெட்டுப்பட்டதும் இரண்டு விளைவுகள். மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் ஏராளமாக முளைக்கின்றன. அதுதான் அந்தக் கரகரப்பு. கூடவே, மெல்லிய மீட்டலுக்கும் பலமான மீட்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. சாதாரணமாக ஒரு கிதார் ஒலி எழுந்து, தணிந்து, மறைகிறது. ஃபஸ் கிதாரில் தணிவது தள்ளிப்போகிறது, ஒலி நிரம்பியே நிற்கிறது. அதற்குக் கீழே ஓயாத டிரம்ஸ், மேலே எதிரொலி ஏற்றிய குரல். பெரும்பாலான இசையில் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே காது தன்னையறியாமல் ஓய்வெடுத்துக்கொள்ளும். இங்கே அந்த இறக்கங்கள் மிகக் குறைவு.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒலியளவு குறையக் குறைய மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகளும் மிக உயர்ந்த சுருதிகளும் மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகின்றன என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ‘நானகன் இன்ஃபினிட்டி’யைக் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்பவருக்குப் பேஸ் கிதாரும் டிரம்ஸின் அடிவயிறும் போய்விடுகின்றன; எஞ்சுவது நடுச்சுருதிகளின் இரைச்சல். நல்ல ஹெட்போனிலோ பெரிய ஸ்பீக்கரிலோ கேட்பவருக்கு அடித்தளம் கிடைக்கிறது. அந்த அடித்தளத்தில் கால் ஊன்றிய பிறகு மேலே நடக்கும் களேபரத்தில் ஒழுங்கு தெரிகிறது. ஒரே ஆல்பத்தின் பெயரைச் சொல்லிச் சண்டையிடும் இருவர், ஒலியளவில் பார்த்தால், வேறு வேறு ஆல்பங்களைக் கேட்டவர்களாக இருக்கக்கூடும்.

எதில் கேட்கிறோம் என்பதும் அப்படியே. முடிவில்லாத சுழற்சி என்ற யோசனை டிஜிட்டலில் மட்டுமே முழுமையாக வேலை செய்கிறது. இசைத்தட்டில் முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும்; ஆல்பம் தராத ஓய்வைத் தட்டு தந்துவிடுகிறது. ஷஃபிளில் கேட்பவருக்கு ஒவ்வொரு பாடலும் வெட்டுப்பட்ட துண்டாகவே வந்து சேர்கிறது. தனிப்பாடலாகப் பிடிக்கிறது, முழுசாகப் பிடிக்கவில்லை என்ற நடுத்தரப்பின் அனுபவம் இதனால்தான் நம்பத்தக்கதாகிறது. ஓயாமையை நீக்கிவிட்டால் களைப்பும் நீங்குகிறது. அதோடு வேறு என்ன நீங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி.

திரும்பத் திரும்ப வருவது எதற்கு?

நீங்குவது, இந்த ஆல்பத்தின் கட்டுமானம். ‘ரோபாட் ஸ்டாப்’ என்ற முதல் பாடலிலேயே பின்னால் வரப்போகும் பாடல்களின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார்த் தொடர்கள், தலைகாட்டிவிட்டுப் போகின்றன. ‘கேமா நைஃப்’ பாடலின் ரிஃப் அதன் முறை வருவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது. ‘பீப்பிள் வல்ச்சர்ஸ்’ பாடலுக்கும் அப்படியே. முதல்முறை கேட்பவருக்கு இது தெரியாது. அவருக்குப் பின்னால் வருவது எல்லாம் எங்கோ கேட்டதுபோல் இருக்கும். அதையே அவர் ‘எல்லாப் பாடலும் ஒரே மாதிரி’ என்கிறார். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த ஒற்றுமை கற்பனை வறட்சியால் வந்ததில்லை, திட்டமிட்டு வைக்கப்பட்டது என்பது இரண்டாம் முறை கேட்கும்போது விளங்குகிறது. சுழற்சியில் மீண்டும் முதல் பாடலுக்கு வரும்போது, முன்பு முன்னறிவிப்பாக இருந்தவை இப்போது நினைவுகளாகின்றன. தொடக்கமும் முடிவும் ஒட்டப்பட்டிருப்பதன் பயன் இதுதான்: ஒரே இசை இரண்டாவது சுற்றில் வேறு பொருள் தருகிறது.

திரும்ப வருதல் இசையில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இசை ஆய்வாளர் எலிசபெத் ஹெல்முத் மார்குலிஸ். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் போன்ற நவீன இசைமேதைகளின் படைப்புகளில், மூலத்தில் இல்லாத இடங்களில் சில பகுதிகளைத் திரும்ப வருமாறு அவர் வெட்டி ஒட்டினார். கேட்டவர்கள் மூலத்தைவிட ஒட்டுப்போட்ட வடிவமே அதிகச் சுவையானது, ஆர்வமூட்டுவது என்றார்கள். கம்ப்யூட்டர் செய்ததைவிட மனிதர் செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் மதிப்பிட்டார்கள். திரும்ப வருவது, கேட்பவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று மனம் முன்கூட்டியே பாடத் தொடங்குகிறது. மறுபக்கம், தூண்டுதல் ஓரளவு வரை ஏறினால் இன்பம் கூடும், அதைத் தாண்டினால் குறையும் என்று உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1970-களின் தொடக்கத்தில் விளக்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஆல்பத்தின் பிளவு புரிகிறது. திரும்ப வருதல் ஒருவரை உள்ளே இழுக்கும் அதே நேரத்தில் ஒலியடர்த்தி இன்னொருவரை வெளியே தள்ளுகிறது. யாருக்கு எது முதலில் நடக்கிறது என்பதைப் பழக்கமும் ஒலியளவும் மனநிலையும் தீர்மானிக்கின்றன.

இளைப்பாற இடமே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. ஆல்பத்தின் நடுவில் வரும் ‘மிஸ்டர் பீட்’ ஆர்கன் ஒலியோடு சற்று நிதானமாக நடக்கிறது. அதன் தாளம் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நடை இடறாது. ‘இன்விசிபிள் ஃபேஸ்’ பாடலின் நடுப்பகுதியில் வேகம் ஒடுங்கி ஜாஸ் சாயல் படிகிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஈவில் டெத் ரோல்’ பாடலுக்கு முன்னும் பின்னும் இவற்றை நிறுத்தியிருப்பதில் கணக்கு இருக்கிறது. ஓட்டம் நிற்காது, ஆனால் தரை மாறும். வேகத்தை மட்டும் நம்பிய குழு இந்த இடங்களை இப்படி அமைத்திருக்காது.

மறுப்புகளும் பதிலும்

சுழற்சி என்பது வெறும் வித்தை, விளம்பரத்துக்கான உத்தி என்பது முதல் மறுப்பு. கடைசிப் பாடலையும் முதல் பாடலையும் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதைச் சும்மா விட்டிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கும். இங்கே ஒன்பது மூட்டுகளும் தாளத்தில், சுருதியில், ரிஃபில் பொருத்தப்பட்டிருக்கின்றன. சுழற்சி கிடைக்காத இசைத்தட்டில் கேட்பவர்களும் ஆல்பத்தை ஒரே படைப்பாக உணர முடிகிறது. வித்தையை எடுத்துவிட்ட பின்பும் படைப்பு நிற்கிறது என்றால், அது வித்தையால் மட்டும் நின்றதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. களைப்பே நோக்கம் என்று சொல்லிவிட்டால் எந்த மோசமான இரைச்சலையும் காப்பாற்றிவிடலாமே என்பது அது. உண்மைதான். ஆகவே நோக்கம் என்ற வாதம் மட்டும் போதாது. உள்ளே உறவுகள் இருக்கின்றனவா என்ற சோதனை வேண்டும். ஒரு பகுதியை எடுத்தால் இன்னொரு பகுதி பொருளிழக்கிறதா, மீண்டும் கேட்கும்போது புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கலாம். வெறும் இரைச்சல் இந்தச் சோதனையில் தோற்கும். மேலே சொன்ன முன்னறிவிப்புகளும் தரைமாற்றங்களும் இந்த ஆல்பத்தை அதில் தேறவைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ‘ரோபாட் ஸ்டாப்’ பாடலின் பொருளே அளவுக்கு மீறி உழைத்துத் தேய்ந்துபோன உடல். நிறுத்தத் தெரியாத இயந்திரமாகிவிட்ட ஒருவனின் குரலோடு ஆல்பம் தொடங்குகிறது. கேட்பவரின் களைப்பு, பாடுபவன் சொல்லும் களைப்போடு ஒன்றாகிறது. வடிவமும் பொருளும் சேரும் இடம் இது.

மூன்றாவதாக, வரலாறு நம் பக்கம் என்று ரசிகர்கள் வாதிடுவதுண்டு. 1969-ல் எம்சி5 குழுவின் ‘கிக் அவுட் த ஜாம்ஸ்’ ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிற்பாடு அவரே மனம் மாறி அந்தக் குழுவைக் கொண்டாடினார். ப்ளூ சியரின் முதல் ஆல்பம் இன்று ஹெவி மெட்டலின் முன்னோடிகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆனால் இந்த வாதத்தை எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். அன்று திட்டுவாங்கிய ஆல்பங்களில் பல இன்றும் மோசமானவையே. பிழைத்தவற்றை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முரட்டு இசையை முதல் கேட்டலில் தீர்த்துவிடாதே என்ற பொறுமையைத்தான் வரலாறு கற்றுத்தருகிறது. தகுதிக்குச் சான்று அந்தந்தப் படைப்புக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. குழுவின் பாடகர் ஸ்டூ மக்கன்சியின் குரல் இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் இன்னொரு வாத்தியம் போலவே ஒலிக்கிறது. எதிரொலியிலும் கரகரப்பிலும் சொற்கள் அமிழ்ந்துபோகின்றன. மேலே சொன்ன அந்தக் களைப்பின் பொருளே வரிகளைத் தேடிப் படிப்பவருக்குத்தான் முழுதாகப் பிடிபடும். கழுகுகள், முதலையின் மரணப் புரட்டல், பல பெட்டிகளைக் கோத்து ஆஸ்திரேலிய நெடுஞ்சாலையில் ஓடும் ராட்சத லாரி என்று பாடல்கள் அடுக்கும் உருவங்கள் மிரட்டுகின்றன. மனத்தைத் தொட்டு உருக்குவதில்லை. இசையில் ஒரு மனிதரின் நெருக்கத்தைத் தேடுபவருக்கு இந்த ஆல்பத்தில் கிடைப்பது கொஞ்சமே. அவர் இதை நிராகரித்தால் அது அவருடைய குறையில்லை, ஆல்பத்தின் எல்லை. ஆனால் எல்லை இருப்பது வேறு, உள்ளே காலியாக இருப்பது வேறு.

நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்கச் சொல்வது கேட்பவர்மீது சுமத்தும் பாரம், பாட்டு தானே நம்மிடம் வர வேண்டும் என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலான பாடல்களுக்கு அது சரியான விதி. ஆனால் எல்லா இசையும் அதே விதியில் இயங்க வேண்டும் என்றால், முழு ஆல்பம் என்ற வடிவத்தையே கைவிட வேண்டியிருக்கும். ஒரு நாவலைப் பத்தி பத்தியாகப் பிய்த்துப் படித்துவிட்டுக் கதை பிடிபடவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

பின்னால் வந்த சான்று

இந்த ஓயாமை தற்செயலானதா என்ற ஐயம் இருந்தால், குழு அதற்குப் பின் செய்ததைப் பார்க்கலாம். 2017-ல் மட்டும் ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டார்கள். அவற்றில் ‘ஃபிளையிங் மைக்ரோடோனல் பனானா’, துருக்கியின் பாக்லமா வாத்தியத்தின் சாயலில், மேற்கத்திய அரைச்சுரத்தையும் பாதியாகப் பிரித்த நுண்சுரங்களுக்கென மாற்றியமைத்த கிதார்களால் ஆனது. ‘ஸ்கெட்சஸ் ஆஃப் பிரன்ஸ்விக் ஈஸ்ட்’ மைல்ட் ஹை கிளப் என்ற குழுவோடு சேர்ந்து செய்த மென்மையான ஜாஸ் சாயல். ‘பாலிகோண்ட்வானாலேண்ட்’ ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் தட்டாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்று மூலப்பதிவுகளையும் வெளியிட்டார்கள். 2019-ல் ‘இன்ஃபெஸ்ட் த ராட்ஸ் நெஸ்ட்’ என்ற முழுநீள த்ராஷ் மெட்டல் ஆல்பமும் வந்தது. நிதானமாக வாசிக்கத் தெரியாததால் வேகமாக வாசித்தவர்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. மெதுவாகவும் மென்மையாகவும் வாசிக்கத் தெரிந்தவர்கள், 2016-ல் வேண்டுமென்றே அதை மறுத்தார்கள். அந்த மறுப்பைத்தான் நாம் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இது: ‘நானகன் இன்ஃபினிட்டி’ குறையற்ற ஆல்பம் இல்லை, மனத்தை உருக்கும் ஆல்பமும் இல்லை. ஆனால் வேகத்தையே கட்டுமானமாக்கிக் காட்டிய அரிய படைப்புகளில் ஒன்று. அதைக் கேட்டுக் களைத்தவர்களும் அதைச் சரியாகவே கேட்டார்கள். அந்தக் களைப்பைத் தீர்ப்பாக்கும் முன் இன்னொரு படி மட்டும் போக வேண்டும். ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். பாடல் வரிசையை மாற்றாமல், ஹெட்போனிலோ நல்ல ஸ்பீக்கரிலோ, காதுக்குத் தீங்கில்லாத அளவில், முதல் பாடல் இரண்டாம் முறை வரும்வரை கேளுங்கள். அதன் பிறகும் இது கூச்சல்தான் என்று தோன்றினால் அப்படியே சொல்லுங்கள். முழுசாகக் கேட்டவரின் மறுப்புக்கு எந்த ரசிகரும் மரியாதை தரத்தான் வேண்டும்.